லின்வல் வீடு மாறினான்

லின்வலின் காதில் ஆறு வருஷமாகக் குரல்கள் கேட்டன. லண்டனில் கறுப்பின மக்கள் நெருங்கி வாழும் பெக்கம் குடியிருப்பில் இருந்தவரை அவை மாத்திரைக்கு அடங்கிக் கிடந்தன. பிறகு நகராட்சி அவனை மரங்கள் சூழ்ந்த அமைதியான தெருவுக்கு மாற்றியது. அங்கே கறுப்பனான அவனைக் கண்டதும் ஆட்கள் எதிர்ப்பக்க நடைபாதைக்குப் போனார்கள். மாத்திரை அதேதான், ஆனால் குரல்கள் பகலெல்லாம் அரட்டையடித்தன.

ஒருநாள் மனநோய் ஆய்வுக்காக ஒரு பெண் கேள்வித்தாளோடு வந்தாள்.

"அக்கம்பக்கத்துல எத்தனை பேர்கிட்ட பேசுவீங்க?"

"மூணு பேர். ஒருத்தனுக்கும் உடம்பு கிடையாது."

அவள் எழுதுவதா வேண்டாமா என்று விழித்தாள். "தனியா ஒதுங்கிப் போறவங்களுக்குத்தான் இந்தக் குரல் கேக்கற நோய் அதிகமா வருதான்னு அஞ்சு வருஷமா ஆராயறோம்."

"என்னைக் கேட்டிருந்தா அஞ்சு நிமிஷத்துல சொல்லியிருப்பேன்மா!"

இருவரும் சிரித்தார்கள். மனிதரோடு சிரித்து எத்தனை நாளாயிற்று என்று அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. பெக்கமில் சத்தம் தாங்காமல் புலம்பிக்கொண்டிருந்த ஒரு கிழவரைத் தேடிப் பிடித்து, நகராட்சியில் மனுப் போட்டு, அவரோடு வீட்டை மாற்றிக்கொண்டான்.

திரும்பிய முதல் காலையிலேயே மேல்மாடி ஹயசிந்த் கத்தினாள். "டேய் லின்வல், நீ செத்துட்டேன்னு நெனச்சேன்டா! பாட்டைக் குறை, கழுதை!"

"வந்துட்டேன்க்கா!"

குரல்கள் முழுசாகப் போகவில்லை, மாத்திரையும் தொடர்ந்தது. ஆனால் ஹயசிந்த்தை மீறிப் பேச அவற்றுக்குத் தொண்டை போதவில்லை.