ரெண்டாவது வாக்கியம்

என் அத்தானுக்கு, அதாவது அக்கா புருஷனுக்கு, இங்கிலீஷ் இலக்கணம் தெரியும். வேறு ஒரு இழவும் தெரியாது. பயிற்சி மையத்தில் பாடம் நடத்திவிட்டு வரும் வாய் வீட்டிலும் ஓயாது. அக்கா, அத்தான், அவர்கள் மகள், நான் என்று எங்கள் நாலு பேர் வாட்ஸ்அப் குழுவில் இங்கிலீஷில்தான் எழுத வேண்டும். தப்பு விட்டால் திருத்துவார். சரியாக எழுதி மறுபடி அனுப்ப வேண்டும். அந்த வீட்டுச் சட்டம் அது. அவருக்கு உயிரே 'நெவர்', 'ஹார்ட்லி', 'செல்டம்' வகையறாதான். 'நெவர்' வாக்கியத்தின் தலையில் வந்து உட்கார்ந்தால் துணைவினை எழுவாயைத் தாண்டி முன்னால் ஓடிவர வேண்டுமாம், மாப்பிள்ளை வந்ததும் வீடே எழுந்து நிற்கிற மாதிரி. பெரிய கண்டுபிடிப்பு!

மாப்பிள்ளையும் அவர் பார்த்ததுதான். "எவ்வளவு சுத்தமா இங்கிலீஷ் எழுதறான் பாரு" என்று மயங்கி ஒரே மகளைத் தூக்கிக் கொடுத்தார். போனதிலிருந்து அவள் பேசுவதே குறைந்துபோனது. கூப்பிட்டால் அவன்தான் எடுத்து, நன்றாக இருக்கிறாள் என்பான்.

அன்று மதியம் நானும் அக்காவும் துணி மடித்துக்கொண்டிருந்தோம். குழுவில் அக்கா மகள் எழுதியிருந்தாள்: 'ஐ காண்ட் ஹார்ட்லி ஸ்லீப் ஹியர். ஐ ஆம் ஸ்கேர்ட் ஆஃப் ஹிம்.' தூங்கவே முடியவில்லை, அவனைக் கண்டால் பயமாக இருக்கிறது என்கிறாள். எதிரே உட்கார்ந்திருந்த அத்தான் போனைப் பார்த்து உச்சுக் கொட்டினார்.

"'ஹார்ட்லி'யே நெகட்டிவ். அதுகூட எதுக்கு 'காண்ட்'?"

"பேச்சுல எல்லாரும் சொல்றதுதானே அத்தான்? அவ என்ன சொல்றான்னு பாருங்க!"

"பேச்சுல விட்டா எழுத்துலயும் வந்துடும்" என்று திருத்தி அனுப்பினார். ரெண்டாவது வாக்கியத்தில் தப்பில்லையாம். அதை அவர் தொடவே இல்லை.

கொஞ்ச நேரத்தில், பாவம், அந்தப் பெண் திருத்தி அனுப்பினாள்: 'ஐ கேன் ஹார்ட்லி ஸ்லீப் ஹியர்.' அத்தான் கட்டைவிரல் பொம்மை ஒன்றைப் போட்டார். தூ! இதெல்லாம் ஒரு அப்பன்!

மறுபடி போன் ஒலித்தது. இந்த முறை தமிழில். 'அம்மா, வந்து கூட்டிட்டுப் போம்மா.'

அக்கா மடித்த துணியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். இத்தனை வருஷத்தில் அந்த மனிதரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவள்.

"எங்க கிளம்பற?"

"எம் பொண்ணைக் கூட்டிட்டு வர."

"இப்பத்தானே சரியா எழுதினா…"

அக்கா செருப்பை மாட்டினாள். நானும் பையை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் போனேன். வாசலிலிருந்து திரும்பிப் பார்த்தேன். அத்தான் அந்தத் தமிழ் வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். விரல் திரைக்கு மேலே நின்றது. திருத்த ஒன்றும் அகப்படவில்லை.