பன்னிரண்டாவது அட்டை

சுசான் மரப்பெட்டியின் மடிப்புக் கதவுகளைத் திறந்தபோது, முன்வரிசையில் மகள் எலோடி கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். புறநகரான லா கூர்னெவிலிருந்து அவள் கிளம்பி வந்ததே பெரிய காரியம். ரூ பஜோல் தெருப் பக்கத்துச் சிறிய கூடத்தில் ஞாயிற்றுக்கிழமை வெயில் தரையில் சோம்பிக் கிடந்தது. ஜப்பானியக் காகித நாடகத்தின் மேல் பைத்தியமான ஆறு பேர் நடத்தும் கூட்டம் அது. பெட்டிக்குள் பட அட்டைகளை அடுக்கி, ஒவ்வொன்றாக உருவிப் பின்னால் செருகியபடி கதை சொல்வார்கள். பிரெஃபெக்தூர் என்ற அரசு அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்ற கையோடு புதுச்சேரிக்காரி சுசானுக்கும் அந்தக் கிறுக்கு பிடித்துக்கொண்டது. கதை தொடங்குமுன் மரக்கட்டைகளைத் தட்டும் லூசியனைப் பிடித்துப்போனதும் அங்கேதான்.

அதை மகளிடம் எப்படிச் சொல்வது? கணவர் தோமா போய் நான்கு வருஷமாகியும் அப்பாவின் சட்டைகளைத் தூக்கிப் போட விடாத பெண். அம்மா மறுபடி கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாள் என்று நேருக்கு நேர் சொல்ல வாய் வரவில்லை. அதனால் சுசான் பன்னிரண்டு படங்கள் வரைந்தாள். நீரில் மிதக்கும் ஒரு நீல வீடு, அதில் தனியாக ஒருத்தி, நாளுக்கு நாள் கொஞ்சம் கிட்டே மிதந்துவரும் ஒரு குடைக்காரன். பதினோரு படத்தில் மகள் மனசு இளகிவிடும், பன்னிரண்டாவதில் விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்று நினைத்திருந்தாள்.

லூசியன் கட்டைகளைத் தட்டினார். கதை கேட்க வந்த பிள்ளைகள் வாயைப் பிளந்தபடி அந்த நீலத்துக்குள் போய்விட்டார்கள். சுசானுக்கும் கால் தரையில் இல்லை. கண்ணெதிரே இருந்ததை அப்படியே வாசித்தாள்.

“குடைக்காரன் பேரு லூசியன். வீட்டுல இருந்தவ பேரு சுசான். ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கப் போறாங்க. எலோடி, கோவிச்சுக்காதம்மா.”

அப்புறம்தான் உறைத்தது. முதல் படம் முன்னால் நிற்கையில் சொல்பவருக்குத் தெரிவது கடைசி அட்டையின் முதுகு. முதல் படத்துக்கான வார்த்தைகளை அங்கேதான் எழுத வேண்டும். காலையில் அழகாகத் திருத்தி எழுதுகிறேன் என்று உட்கார்ந்தவள், அந்தந்தப் படத்தின் முதுகிலேயே அதனதன் வார்த்தைகளை எழுதித் தொலைத்திருந்தாள். முப்பது வருஷம் அலுவலகத்தில் ஒரு காகிதம் இடம் மாறாமல் பார்த்துக்கொண்ட மகராசி!

“அக்கா, முடிவை முதல்லயே சொல்லிப்போட்டியள்!” என்று பின்னாலிருந்த யாழ்ப்பாணத்துப் பெண் ஒருத்தி சிரித்தாள். லூசியனுக்குக் காது சிவந்துபோயிற்று.

எலோடி எழுந்தாள். போய்விடுவாள் என்றே சுசான் நினைத்தாள். ஆனால் எலோடி பெட்டிக்குப் பின்னால் வந்து நின்று, அம்மாவின் கையெழுத்தை மெதுவாகப் படித்தாள்.

“செ வ்ரே, மமாம்? நெசமாவா?”

“ஆமாண்டி.”

எலோடி லூசியன் பக்கம் திரும்பவே இல்லை. பிள்ளைகள் காத்திருந்தார்கள். அவள் கையை நீட்டி முதல் அட்டையின் ஓரத்தைப் பிடித்து இழுத்தாள், பாதியில் நிறுத்தினாள். பெட்டிக்குள் இப்போது பாதி வீடு, மீதி வெறும் நீர்.

“முதல்லேர்ந்து சொல்லு” என்றாள். அட்டையின் ஓரத்திலிருந்து கையை எடுக்கவில்லை.