நெவிலின் ஓட்டு

என் கணவர் நெவில் போன பிறகு, அவருடைய ஓட்டு பத்து நாள் எங்கள் சமையலறை மேசையில் உப்புக் குப்பியில் சாய்ந்து நின்றது. தபால் உறையில் போட்டு ஒட்டிய ஓட்டு. அதைத் தபாலில் சேர்க்க வேண்டியவள் நான்.

நாங்கள் கல்யாணம் செய்து நாற்பத்துமூன்று வருஷம். அதில் பொதுத்தேர்தல் பதினாறோ பதினேழோ வந்திருக்கும். எல்லாவற்றிலும் ஒரே காரில் போய், ஒருவர் ஓட்டை மற்றவர் அழித்துவிட்டு, ஒரே காரில் திரும்பி வந்தோம். அவர் ரயில்வேக்காரர் மகன், தொழிலாளர் கட்சி. நான் கோதுமை விவசாயி மகள். எங்கள் கட்சிக்கு இப்போது வேறு பெயர் வைத்துவிட்டார்கள், எனக்கு அது இன்னும் நாட்டுக்கட்சிதான்.

"போடலேன்னா அபராதம் போடறான். இல்லேன்னா ரெண்டு பேரும் வீட்டுலயே உக்காந்து டீ குடிச்சிருக்கலாம். கணக்கு ஒண்ணுதான்" என்பார், ஒவ்வொரு முறையும்.

எங்கள் ஊரான டெரிங்காவுக்கு உலகம் காலை ஏழு மணிச் செய்தியில்தான் வரும். நெவில் சுட்ட ரொட்டியில் வெஜிமைட் என்கிற உப்புப் பசையைத் தடவிக்கொண்டே தீர்ப்புச் சொல்லத் தொடங்குவார்.

"எங்கயோ ரெண்டு பேரு அடிச்சிக்கிறான். டெரிங்காவுல டீசல் ஏன் ஏறணும்?"

"டீசல் டெரிங்காவுல முளைக்கலியே, அதான்."

"கோதுமை முளைக்குதில்ல? நாமளும் ஏத்துவோம்."

"எங்கப்பா அதத்தான் அம்பது வருஷமா கேட்டாரு. உங்க ஆளுங்கதான் காதுல வாங்கல."

"உங்கப்பாவுக்கு மழை பேஞ்சாலும் எங்க ஆளுங்கதான் காரணம்."

பிறகு அரண்மனை. கடல் தாண்டி இருக்கிற ஒரு ராஜ குடும்பத்தின் முகம் நம் காசில் எதற்கு என்று அவருக்குக் கோபம். பிறகு கடையில் நாமே பொருளைக் காட்டி நாமே பணம் கட்டும் இயந்திரம். "சம்பளம் இல்லாம வேலை பாக்க நான் என்ன அவனுக்கு மருமகனா?" என்று நேரே ஆள் இருக்கிற வரிசைக்குப் போவார், அங்கே ஏழு பேர் நின்றாலும். அவர் சொன்னதில் பாதி எனக்கும் சம்மதம்தான். அதை ஒப்புக்கொண்டுவிட்டால் காலை முழுக்க என்ன பேசுவது?

அந்த வருஷம் தேர்தல் மே மாதம் வந்தது. நெவில் அப்போது ஒன்றரை மணி நேரத் தொலைவில் பெரிய ஆஸ்பத்திரியில் இருந்தார். தபால் ஓட்டுக் காகிதங்கள் வீட்டுக்கு வந்ததும் எடுத்துக்கொண்டு போனேன். செவ்வாய்க்கிழமை மதியம். மேல்சபைக்கான வெள்ளைக் காகிதம் மேசைவிரிப்பு அகலம். கட்டில் தட்டில் கொள்ளாமல் ஒரு முனை ஜெல்லிக் கிண்ணத்தில் விழுந்தது. நான் துடைத்தேன். கீழ்சபைக்கான பச்சைக் காகிதம் சின்னது, ஐந்தே பெயர், விருப்ப வரிசைப்படி எண் போட வேண்டும்.

"திரும்பி நில்லு" என்றார்.

"உன் ஓட்டு எனக்குத் தெரியாதா நெவில்?"

"சாட்சி பாக்கக்கூடாது. அதுல அச்சடிச்சிருக்கான். படிச்சுப் பாரு."

ஜன்னல் பக்கம் திரும்பி நின்றேன். கீழே ஒரு மனிதர் தன் காரைத் தேடிக்கொண்டு வரிசை வரிசையாக நடந்தார். பின்னால் பென்சில் போகும் சத்தம். பிறகு சத்தமே இல்லை, நெடுநேரம். தூங்கிவிட்டாரோ என்று நினைத்தபோது லேசாகச் சிரித்தார்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. இந்தத் தடவ நீயே ஆச்சரியப்படுவே."

மடித்து, உறையில் வைத்து, தானே நாக்கால் நனைத்து ஒட்டினார். கையெழுத்துப் போட்டார். நான் கீழே சாட்சிக் கையெழுத்தும் தேதியும் போட்டேன். "மறக்காமப் போட்டுடு" என்றார்.

புதன் காலை நான் ஆஸ்பத்திரிக்கு வண்டியில் போய்க்கொண்டிருந்தபோதே அவர் போய்விட்டார். உறை என் கைப்பையில் இருந்தது.

அடக்கம் முடிந்தது. எங்கள் மகள் லியான் நான்கு நாள் இருந்துவிட்டு பிரிஸ்பேனுக்குத் திரும்பினாள். ஏழு மணிச் செய்தி மட்டும் வழக்கம்போல வந்தது. ஒரு நாள் வரியைப் பற்றி ஒரு மந்திரி பேசியதற்கு, "அது சரியில்ல" என்றேன். ரேடியோ அடுத்த செய்திக்குப் போய்விட்டது. இன்னொரு நாள் டீசலைப் பற்றி அவர் பக்கத்தை நானே எடுத்துப் பேசிப் பார்த்தேன். மிக மோசமாகப் பேசினேன். நாற்பத்துமூன்று வருஷம் கேட்டும் எனக்கு அந்த வாதம் வரவில்லை.

உறை மேசையிலேயே நின்றது. போட்டுவிட்டால் அது ஆயிரக்கணக்கான ஓட்டில் கலந்துவிடும், அவர் என்ன சொன்னார் என்பது எனக்கு என்றைக்கும் தெரியாது. நாற்பத்துமூன்று வருஷத்துக்குப் பிறகு என் கட்சிக்குப் போட்டாரோ? அப்படியானால் அது எனக்குக் கொடுத்ததா, மருந்து மயக்கமா? அல்லது எப்போதும் போட்டதையே போட்டுவிட்டு, போகும்போதும் என்னைச் சீண்டினாரா?

வெள்ளிக்கிழமை லியான் கூப்பிட்டாள். சொன்னேன்.

"கெட்டில் ஆவியில காட்டித் திறம்மா. பாத்துட்டு ஒட்டிடு. யாருக்குத் தெரியப்போவுது?"

"சாட்சிக் கையெழுத்து என்னோடது லியான்."

"அப்பா கோவிச்சுக்குவாருன்னா நினைக்கிற? அவர் கோவிச்சுக்காத விஷயம் ஏதாவது இருந்துச்சா?"

சிரித்தோம். போனை வைத்த பிறகு கெட்டிலைப் போட்டேன்.

ஆவி வந்ததும் உறையின் மூலையை அதில் காட்டினேன். நிறைய நேரம் பிடிக்கும், காகிதம் சுருங்கும், விரல் சுடும் என்று நினைத்திருந்தேன். மூடி உடனே எழும்பி வந்துவிட்டது. உண்மையில் அது ஒட்டியிருக்கவே இல்லை. இரண்டு இடத்தில்தான் பிடித்திருந்தது. அன்று அவர் வாயில் அவ்வளவு ஈரம்தான் இருந்திருக்கிறது. அன்று மதியம் தண்ணீர் வேண்டுமா என்று நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. ஓட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன்.

உள்ளே பச்சைக் காகிதத்தின் ஓரம் தெரிந்தது. கெட்டிலை அணைத்தேன். நாற்காலியில் உட்கார்ந்து, அந்தக் கோந்து ஓரம் முழுவதையும் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை என் நாக்கால் நனைத்து ஒட்டினேன். ஒட்டிக்கொள்ளும்வரை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே இருந்தேன்.

சனிக்கிழமை தேர்தல். பள்ளிக்கூட வாசலில் சாசேஜ் சுட்டு விற்கும் புகை. யாருக்கு எந்த எண் போடுவது என்று காட்டும் எங்கள் கட்சிச் சீட்டைக் கொடுத்துக்கொண்டு நின்றவர் காலின். நெவிலோடு முப்பது வருஷம் சண்டை போட்டவர். சவப்பெட்டியைத் தூக்கிய ஆறு பேரில் ஒருவர்.

"நோலா, இந்தத் தடவ உன் ஓட்டு முழு ஓட்டு. அழிக்க ஆளில்ல" என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. முகமெல்லாம் சிவந்துவிட்டது. "ஐயோ... நான் அப்படிச் சொல்ல வரல..."

"ஆள் இருக்காரு காலின். கைப்பையில."

உறையைக் காட்டினேன். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"செத்தவன் ஓட்டு செல்லுமா?"

"போடும்போது உயிரோட இருந்தாரு."

"அவன் உயிரோட இருந்தா ஓட்டை விடவே மாட்டான், அது நெஜம்." கொஞ்சம் தள்ளி வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார். "யாருக்குப் போட்டான்?"

"தெரியாது."

"நெவில் யாருக்குப் போட்டான்னு உனக்குத் தெரியாதா? எங்க வீட்டு நாய்க்கே தெரியுமே!"

"எனக்குத் தெரியாது காலின்."

அவர் சீட்டை நீட்டவே மறந்துவிட்டார். நானே ஒன்று உருவிக்கொண்டேன்.

உள்ளே ஒரு இளம்பெண் அளவுகோலை வைத்து வரிசையாகப் பெயர்களைத் தேடினாள். நெவில் முதலில், அதற்குக் கீழே நான். அளவுகோல் அவர் பெயரில் ஒரு கணம் நின்று என் பெயருக்கு இறங்கியது. அட்டைத் தடுப்புக்குள் நின்று, எப்போதும் போடுகிறபடி ஒன்றிலிருந்து ஐந்துவரை எண் போட்டேன். அது எதை அழிக்கிறது, எதோடு சேருகிறது என்று முதல்முறையாக எனக்குத் தெரியவில்லை.

தபால் பெட்டி மளிகைக் கடைக்கு வெளியே இருக்கிறது. சாட்சி போட்ட தேதி தேர்தலுக்கு முந்தியதாக இருந்தால், உறை பிந்திப் போய்ச் சேர்ந்தாலும் எண்ணுவார்கள். தெருவில் யாரும் இல்லை, எல்லோரும் பள்ளிக்கூடத்தில். உறையைப் பாதி உள்ளே நுழைத்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு விட்டேன். அது விழுந்த சத்தம்கூட வரவில்லை. அடுத்த நொடியே கையை உள்ளே விட்டேன், மணிக்கட்டு வரை, கடிகாரம் தடுக்கிற வரை. விரல்களை நீட்டித் துழாவிப் பார்த்தேன். உள்ளே குளிராக இருந்தது. எதுவும் எட்டவில்லை.