நடுவில் நின்ற புளியமரம்

இருபத்து மூவாயிரத்து அறுநூறு ரூபாய். காண்ட்ராக்டர் இளவழகன் கருப்பனுக்குத் தர வேண்டிய கூலி அது. ஜவ்வாது மலைமேல் இரும்பையும் சிமெண்டையும் தலையில் சுமந்து ஏற்றி, பாறை உச்சியில் கம்பம் நட்ட கூலி. மழை பிடித்த பிறகும் அது கைக்கு வரவில்லை.

காட்டுக்குள் பள்ளம் தோண்டிக் கேபிள் போட அனுமதி கிடைக்கவில்லை. அதனால் ஆலங்காயத்து டவரிலிருந்து காற்று வழியாகவே இன்டர்நெட்டை மலைக்கு ஏற்றுவது என்று கம்பெனிக்காரர்கள் முடிவு செய்தார்கள். டவரில் கிண்ணம் மாதிரி ஒரு வெள்ளை ஆண்டெனா, பாறைக் கம்பத்தில் ஒன்று. இரண்டும் ஒன்றையொன்று நேருக்கு நேர் பார்க்க வேண்டும். பாறையிலிருந்து ஸ்கூலுக்கும் ரேஷன் கடைக்கும் பிரித்துக் கொடுப்பார்கள்.

பார்வை சரியாக இருக்கிறதா என்று பார்த்தது பங்குனியில். கருப்பன் பாறைமேல் நின்று முகம் பார்க்கும் கண்ணாடியை வெயிலில் ஆட்டினான். டவர்மேல் நின்ற ஆள் தெரிகிறது என்று போனில் சொன்னான். பாறைக்கு முன்னால் சரிவில் நின்ற புளியமரத்தில் அப்போதுதான் காய் உலுக்கி முடித்திருந்தார்கள். இலையும் உதிர்ந்து மொட்டையாக நின்றது. இது தழைத்தால் மறைக்குமா என்று இளவழகன் கேட்கத்தான் கேட்டான். புளிய இலை பொடி இலை, அடியில் உட்கார்ந்தால் மேலெல்லாம் வெயில் புள்ளி விழும், வெயில் நுழைகிற இடத்தில் இது நுழையாதா என்றான் கருப்பன். இளவழகனுக்கும் அது சரியாகத்தான் பட்டது.

ஆடி மழையில் மரம் கறுகறுவென்று தழைத்தது. நனைந்த இலை அத்தனை சிக்னலையும் குடித்துவிட்டது.

"மழையிலயும் ஒரு வாரம் நெட்டு வேகம் கொறையாம நிக்கணும் கருப்பா. அதான் ஸ்டாண்டர்டுன்னு எழுதி வெச்சிருக்கானுங்க. நிக்கலன்னா பில்லு பாஸாவாது. எனக்கே வரல, உனக்கு எங்கருந்து குடுக்கிறது?" என்றான் இளவழகன்.

"கம்பத்த இன்னும் ஒசத்துனா ஆவாதுங்களா?"

"ஆவும். இரும்புக்கு உன் கூலியில புடிச்சிக்கவா?"

இளவழகன் சரிவில் நின்ற மரத்தைப் பார்த்தான்.

"மரம் யாருது?"

"எந்தங்கச்சிதுங்க."

"அப்புறம் இன்னா? வூட்டு மரம்தானே."

கருப்பனின் மகள் பிரியதர்ஷினி திருப்பத்தூரில் நர்சிங் படிக்கிறாள். பணம் கட்டாதவர்கள் பெயரைப் பலகையில் எழுதிப் போட்டுவிட்டார்கள், இந்த மாதத்துக்குள் கட்டாவிட்டால் பரீட்சை எழுத முடியாது என்று போனில் அழுதிருந்தாள். அந்த அழுகை காதிலேயே நிற்க, கருப்பன் தங்கை மங்கம்மாள் வீட்டுக்குப் போனான். அவள் புருஷனை இழந்தவள். பாகத்தில் அவளுக்கு வந்தது அந்த மரமும், சாமை போடக் கொஞ்சம் மேட்டு நிலமும்தான். புளி விற்ற காசில்தான் அவளுக்கு வருஷம் ஓடும்.

"மேல்கிளை ரெண்டு கழிச்சா போதும் மங்கா."

"கிளையிலதான்ணா காய்க்குது. வேர்லயா காய்க்குது?"

"நெட்டு வந்துட்டா ரேசன் கைரேகைக்கு சிக்னல் தேடி நீ பாறை ஏற வேணாம்."

"நான் ஏறிக்கிறேன். மரத்தத் தொடாத."

கேட்டுவிட்டோம், அவள் வேண்டாம் என்றுவிட்டாள் என்று அவன் நின்றிருக்கலாம். நிற்கவில்லை. அவள் ஆலங்காயம் சந்தைக்குப் போன நாளைப் பார்த்து இளவழகனுக்குச் சொல்லி அனுப்பினான். அவன் ஆனந்தன் என்பவனை மிஷின் ரம்பத்தோடு கூட்டி வந்தான்.

"கிளை மட்டும்ங்க," என்றான் கருப்பன்.

"கிளைய வெட்டுனா அடுத்த வருசம் மறுபடியும் தழையும். அப்ப எவன் வர்றது?" என்றான் இளவழகன்.

கருப்பன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டான். மரம் சாய்கையில் கம்பம் வரைக்கும் அதிர்ந்தது. சாயங்காலம் மூட்டையோடு திரும்பிய மங்கம்மாள் அதைப் பார்த்தாள். சண்டைக்கு வராமல், மூட்டையை இறக்காமலே வீட்டுக்குப் போய்விட்டாள். அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

வேகம் ஒரு வாரமும் குறையாமல் நின்றது. பில் பாஸானது. ரம்பத்து வாடகையைக் கூலியில் கழித்துக்கொண்டு மீதியை இளவழகன் கொடுத்தான். கருப்பன் திருப்பத்தூர் போய் மகளுக்குக் கட்டினான். மிச்சத்தை மடியில் முடிந்துகொண்டு நேராக மரம் நின்ற இடத்துக்கு வந்தான்.

மங்கம்மாள் காய்ந்த சுள்ளிகளை ஒடித்துக் கட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"இத வச்சிக்க மங்கா. மீதியத் தையில தர்றேன்."

"தையில எந்த மரத்த உலுக்கித் தருவ?"

அவன் கை நீட்டியபடியே இருந்தது.

"பிரியாவுக்குக் கட்டிட்டியா?"

"கட்டிட்டேன்."

"செரி. அவ படிக்கட்டும். எனக்கு நீ ஒண்ணும் தர வேணாம், தீந்துபோச்சு. ஊருல கேட்டாலும் அப்பிடித்தான் சொல்லுவேன்."

"மங்கா, இத மட்டுமாவது..."

"ஆனா எங்க வூட்டு நல்லது கெட்டதுக்கு இனிமே நீ வராத."

சுள்ளிக் கட்டைத் தூக்கிவிட அவன் குனிந்தான். அவள் அவன் கையை விலக்கிவிட்டுத் தானே தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.