தவாஷியை வெளியே கொண்டுபோன நாள்

மிருக வைத்தியர் முள்ளெலியைத் தராசில் வைத்ததும் அது உருண்டையாகச் சுருண்டு சீறியது. முந்நூற்று எண்பது கிராம். "மூணு மாசத்துல நாப்பது கிராம் இறங்கியிருக்கு" என்றாள் வைத்தியர் அம்மாள். மிசாவோ தலையாட்டினாள். இந்த மூன்று மாதத்தில் யார் என்ன சொன்னாலும் அவள் தலையாட்டிக்கொண்டுதான் இருந்தாள். தலைதான் ஆடியது, உள்ளே எதுவும் அசைவதில்லை. சோற்றில் உப்பு இருக்கிறதா இல்லையா என்பதுகூடத் தெரியாமல் சாப்பிட்டு எழுந்துவிடுகிறாள்.

"இத வெளியில கொண்டுபோகணும். எப்படின்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

"இதுவரைக்கும் வெளியவே போனதில்லையே, இப்ப என்ன திடீர்னு?"

"வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில இருக்காரு. இத உள்ள விட மாட்டாங்களாம். தோட்டத்துல வச்சுக் காட்டலாம்னாங்க."

வைத்தியர் முள்ளெலியைத் தராசிலிருந்து எடுத்தாள். பிறகு நிதானமாகச் சொல்லத் தொடங்கினாள். வெயில் நேராக விழக் கூடாது, குளிர்ந்த காற்றும் கூடாது. இருபத்தைந்து டிகிரி என்றால் உத்தமம். உடம்பு குளிர்ந்துவிட்டால் தூங்குவதுபோல் மயங்கும், அதிலிருந்து எழாமலே போகக்கூடும். சுற்றிலும் கம்பித் தட்டி வேண்டும், மேலே வலை கட்டாயம். "நம்ம ஊர்ப் பருந்து கையில இருக்கிற ரொட்டியவே புடுங்கிட்டுப் போகுது, இத விடுமா?" புல்லுக்கு மருந்து அடித்திருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளாமல் இறக்கிவிடக் கூடாது. இருபது நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் வயிற்றையும் காதையும் பார்க்க வேண்டும், உண்ணி ஒட்டியிருக்கும். மிசாவோ ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டாள். எழுத்து யாரோ எழுதியதுபோல அழகாக வந்தது.

முள்ளெலியின் பெயர் தவாஷி. பாத்திரம் தேய்க்கும் நாருக்குத்தான் அந்த ஊர்ப் பேச்சில் அந்தப் பெயர். அவள் கணவர் தத்சுஜி வைத்தது. முப்பத்தைந்து வருடம் கோச்சி நகரத்தில் டிராம் ஓட்டிவிட்டு ஓய்வுபெற்ற அடுத்த மாதம், யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல், அட்டைப்பெட்டியோடு வந்து நின்றார். அன்றுமுதல் அதற்குப் புழு வைப்பது, கூண்டுச் சூட்டைப் பார்ப்பது, அது ஓடி விளையாடும் சக்கரத்தைக் கழுவுவது எல்லாம் அவர்தான். மிசாவோ அதைத் தொட்டதில்லை. தொடச் சொல்லி அவரும் கேட்டதில்லை. கல்யாணமாகி முப்பத்தோரு வருடத்தில் அவர் அவளிடம் கேட்டவை எல்லாம் குளியல் தண்ணீர் சூடாகிவிட்டதா, நாளைக்கு மழையா என்ற அளவில்தான். அவர் கெட்டவர் அல்ல. குடித்துவிட்டு வந்ததில்லை, கை நீட்டியதில்லை. பேசுகிறவர் இல்லை, அவ்வளவுதான் என்று அவள் எண்ணியிருந்தாள்.

போன வருடம் நவம்பரில் ஒரு சாயங்காலம், துணி எடுத்துவைக்கப் போனவள், சாத்திய கதவுக்கு அந்தப் பக்கம் அவர் குரலைக் கேட்டாள். தவாஷியோடு பேசிக்கொண்டிருந்தார். ஆற்றங்கரையில் பழைய சிநேகிதனைப் பார்த்தது, அவன் தன்னை அடையாளம் தெரியாமல் கடந்துபோனது, அது ஏன் இவ்வளவு வலிக்கிறது என்று தெரியவில்லை என்பது. வேடிக்கையாகக்கூட ஏதோ சொன்னார், தானே சிரித்துக்கொண்டார். அரை மணி நேரம். மிசாவோ மடித்த துண்டுகளைக் கையில் வைத்தபடி நின்றாள். இந்த மனிதரிடம் இத்தனை வார்த்தைகள் இருந்திருக்கின்றன. மறுவாரம் நகராட்சி அலுவலகத்தில் விவாகரத்துப் படிவம் வாங்கினாள். தன் பக்கத்தை நிரப்பித் தன் பெயர் முத்திரையும் வைத்தாள். கூட வேலை பார்க்கும் இருவரிடம் சாட்சிக் கையெழுத்தும் வாங்கியாயிற்று. பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை, காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு மேஜைமேல் வைப்பது என்று முடிவு செய்திருந்தாள். அன்று காலைதான் அவர் பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது விழுந்தார். வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. கடைவாயில் பற்பசை நுரை.

வலது கை, வலது கால் போயிற்று. பேச்சும் போயிற்று, ஒரே ஒரு வார்த்தை தவிர. "பரவால்ல." தண்ணீர் வேண்டுமா என்றால் பரவால்ல. வலிக்கிறதா என்றால் பரவால்ல. ஆத்திரத்தில் கிண்ணத்தைத் தட்டிவிட்டபோதும் பரவால்ல என்றுதான் கத்தினார். மூளையில் எப்படியோ அது ஒன்று மட்டும் தப்பித்துக் கிடக்கிறது, அதற்கு அர்த்தம் தேட வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இம்மாதக் கடைசியில் அங்கிருந்து அனுப்பிவிடுவார்கள். வீட்டுக்கா, பராமரிப்பு இல்லத்துக்கா என்று வெள்ளிக்கிழமைக்குள் மிசாவோ சொல்லியாக வேண்டும். இன்று புதன்.

முள்ளெலியைக் கொண்டுவரச் சொன்னது ஆஸ்பத்திரியில் கை கால்களுக்குப் பயிற்சி கொடுக்கும் இவாசே. நாற்பது வயதுக்காரி, கணீரென்ற குரல். தத்சுஜி இடது கையால் ஒரு வாரமாக ஒரே படத்தை வரைந்துகொண்டிருந்தார். ஒரு வட்டம், சுற்றிலும் கோடுகள். "சூரியன்னு நெனச்சு நாங்க எல்லாரும் கைதட்டிட்டு இருந்தோம்மா. மனுஷர் எங்கள மொறைக்கிறாரு!" என்று சிரித்தாள். மிசாவோவுக்கு ஒரே பார்வையில் தெரிந்துவிட்டது.

மே மாதக் கடைசி, மாலை நாலரை மணி. வெப்பமானியில் இருபத்தைந்து. இவாசே ஆஸ்பத்திரியின் முன்புல்வெளியில் பெஞ்சுக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கி வைத்திருந்தாள். மிசாவோ பெட்டியை இறக்கவில்லை. செடி வெட்டிக்கொண்டிருந்த தோட்டக்காரரிடம் போய், மருந்து அடித்தீர்களா என்று கேட்டாள்.

"இங்கயா? போன சனிக்கிழமதான் அடிச்சேன். ஏன்?"

இவாசே வாயில் கைவைத்துக்கொண்டாள். "ஐயோ, நான் கேக்கவே இல்லையே!"

"பின்னாடி கற்பூர மரத்தடியில அடிக்கிறதில்ல. அங்க போங்க" என்றார் அவர்.

கற்பூர மரத்தடியில் தட்டியை வளைத்து நிறுத்தி, வலையை இழுத்துக் கட்டி, உள்ளே துணியோடு தவாஷியை இறக்கிவிட்டாள். அது முள் உருண்டையாகவே கிடந்தது. இவாசே தத்சுஜியை வீல்சேரில் தள்ளிக்கொண்டு வந்து தட்டியோரம் நிறுத்தினாள். அவர் குனிந்து பார்த்தார். முகத்தின் இடது பாதி மட்டும் எதையோ செய்தது.

"பரவால்ல" என்றார்.

பக்கத்துப் பெஞ்சில் இடுப்பெலும்பு முறிந்து வந்திருந்த ஓகிதா கிழவர் உட்கார்ந்திருந்தார். இஞ்சி பயிரிடுகிறவர். "அது என்னம்மா, பொரிச்சுத் தின்னா நல்லாருக்குமா?"

"முள்ளு தொண்டையில மாட்டிக்கும், தாத்தா. அப்புறம் உங்களுக்கும் நான்தான் பயிற்சி குடுக்கணும்" என்றாள் இவாசே. அவரை எழுப்பி, "இவங்க பாத்துக்கட்டும், வாங்க நாம நடப்போம்" என்று கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு போனாள். கிழவர் போகிற வழியெல்லாம் திரும்பிப் பார்த்தார்.

ஐந்து நிமிடம் எதுவும் நடக்கவில்லை. மேலே ஒரு பருந்து வட்டமிட்டது. மிசாவோ வலையின் முடிச்சை இன்னொரு முறை இறுக்கினாள். பிறகு உருண்டையில் ஒரு பிளவு விழுந்து ஈரமான மூக்கு வெளியே வந்தது. தவாஷி எழுந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக மண்ணை மோந்தது, நாலடி வைத்தது, நின்றது. உதிர்ந்த கற்பூர இலை ஒன்றைக் கவ்வி மெல்லத் தொடங்கியது. மென்றுகொண்டே இருந்தது. திடீரென்று அதன் வாயிலிருந்து வெள்ளையாக நுரை வந்தது. உடம்பை ஒரு பக்கமாக முறுக்கி, கழுத்தைப் பின்னுக்கு வளைத்து, கால் தடுமாறி, நாக்கு வெளியே தள்ளி...

மிசாவோ தட்டியின்மேல் குனிந்தாள். குளியலறைத் தரை, கடைவாய் நுரை, ஒரு பக்கம் இழுத்த முகம். "இவாசே அம்மா!" என்று கூப்பிடப் பார்த்தாள். காற்றுத்தான் வந்தது. வலையைக் கிழிப்பதுபோல இழுத்தாள். மூன்று மாதமாக எங்கேயோ இருந்த பயம் மொத்தமாக வந்து நெஞ்சில் விழுந்தது.

அவள் மணிக்கட்டை ஒரு கை பிடித்தது. தத்சுஜியின் இடது கை.

"பரவால்ல" என்றார். தாழ்ந்த குரலில், நிறுத்தி, இன்னொரு முறை, "பரவால்ல." அவர் சிரித்துக்கொண்டிருந்தார். தாடையால் தவாஷியைக் காட்டினார். அது அந்த நுரையைத் தன் முதுகு முட்களில் பூசிக்கொண்டிருந்தது, அக்கறையாக, எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறவர்களைப் போல. புதிய வாசனை எதையாவது கண்டால் அது அப்படித்தான் செய்யும்போலிருக்கிறது. அவர் அதைப் பலமுறை பார்த்திருக்க வேண்டும். அறைக்குள், தனியாக.

மிசாவோ புல்லில் உட்கார்ந்துவிட்டாள். அவர் கையை எடுக்கவில்லை. அர்த்தம் தேட வேண்டாம் என்றாரே டாக்டர். இப்போது சொன்னதில் இருந்தது என்ன? கிண்ணத்தைத் தட்டிவிட்டபோது சொன்னதில் இருந்தது என்ன? மூன்று மாதமாக அந்த வார்த்தையைக் குழாயில் சொட்டும் தண்ணீரைப்போலத்தான் அவள் கேட்டிருக்கிறாள்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள். அவள் குரல் அவளுக்கே வெகுநாள் கழித்துக் கேட்பதுபோல் இருந்தது. "நான் போயிடறதா இருந்தேன். அன்னிக்கு, நீங்க விழுந்த அன்னிக்கு. காகிதமெல்லாம் எழுதி வச்சாச்சு. அது இன்னும் இருக்கு. தூக்கிப்போடல."

அவர் அவளைப் பார்த்தார்.

"நீங்க இதுகிட்ட பேசிட்டிருந்தத கேட்டேன். அன்னிக்குதான் முடிவு பண்ணேன். என்கிட்ட ஏங்க பேசல?"

அந்த வார்த்தை வரும் என்று அவள் காத்திருந்தாள். எதற்கும் வருகிற வார்த்தை. அது வந்தால் எழுந்துவிடலாம், தவாஷியைப் பெட்டியில் வைக்கலாம், வெள்ளிக்கிழமை ஏதோ ஒன்றைச் சொல்லிவிடலாம்.

தத்சுஜியின் வாய் திறந்தது. நாக்கு எங்கோ தேடியது. கழுத்து நரம்பு புடைத்தது. மூடிக்கொண்டது. மறுபடி திறந்தது. எதுவும் வரவில்லை. அந்த ஒன்றைக்கூட அவர் சொல்லவில்லை. கண்ணோரம் ஈரம் சேர்ந்து, உணர்ச்சியில்லாத வலது கன்னத்தில் இறங்கியது. அது இறங்குவது அவருக்குத் தெரியவில்லை. துடைக்கவுமில்லை. அவளும் துடைக்கவில்லை.

மிசாவோ கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பன்னிரண்டு நிமிடம் ஆகியிருந்தது.

கட்டடத்துக்குப் பின்னாலிருந்து வெயில் சாய்வாக வந்து தட்டியின் ஒரு மூலையில் விழுந்தது. அவள் எழுந்து, தட்டியின் இரு பக்கத்தையும் பிடித்து, நிழல் இருக்கும் பக்கமாக மெல்ல ஒரு சாண் நகர்த்தினாள். உள்ளே தவாஷி, கம்பி நகர்வதைப் பார்த்து, அதோடு சேர்ந்து நாலடி நடந்தது. இன்னொரு சாண் நகர்த்தினாள். அதுவும் நடந்தது. பின்னால் சக்கரம் கிறீச்சிட்டது. தத்சுஜி இடது காலை மண்ணில் ஊன்றி உந்தினார். வண்டி நேராக வரவில்லை, ஒரு பக்கமாகத் திரும்பியது. அவர் மறுபடி ஊன்றினார். அவள் குனிந்தபடியே, அவர் வந்து சேரும்வரை, தட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.