கவுன்சிலர் வரும் நாளில் யாரும் குளிப்பதில்லை

கவுன்சிலர் வருகிற நாளில் அந்தத் தெருவில் யாரும் குளிப்பதில்லை. துணி துவைப்பதில்லை, பாத்திரம் கழுவுவதில்லை. இன்னொன்றும் செய்வதில்லை, அதைத் தெரு நலச் சங்கத்தின் செயலாளர் நாகரிகமாக 'கொஞ்சம் அடக்கிக்கிறது' என்பார்.

காரணம் ஒன்றும் பெரிய ரகசியமில்லை. தெருவின் தாழ்ந்த கோடியில், தையல்காரம்மாவின் கடை வாசலில், பாதாளச் சாக்கடைக் குழி ஒன்று அடைத்துக்கொண்டு கிடக்கிறது. வீடுகளில் தண்ணீர் புழங்கினால் அது பொங்கும். பொங்கினால் நாறும். நாறினால் கவுன்சிலர் முகம் சுளிப்பார், தெருவின் மானம் போய்விடும். ஆகவே அவர் வருவதற்கு முன்பே குழியின் வாயில் மணல் மூட்டைகளைத் திணித்து, மேலே பலகைகளை அடுக்கி, பலகைமேல் கம்பளம் விரித்து, அங்கேயே மேடையும் போட்டுவிடுவார்கள். ஊரில் யார் வந்து தேடினாலும் அந்தக் குழி அகப்படாது.

கவுன்சிலர் அந்த மேடையில் நின்று சுகாதாரத்தைப் பற்றிப் பேசுவார். குறை சொல்லக்கூடாது, நன்றாகவே பேசுவார். பேசி முடித்ததும் தெருவை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "எங்க பார்த்தாலும் பளிச்சுன்னு இருக்கே!" என்பார். செயலாளர் வாயெல்லாம் பல்லாக, "எல்லாம் உங்க தயவு சார்" என்பார். கார் முனை திரும்பியதுதான் தாமதம், தெருவே விழுந்தடித்துக்கொண்டு வீட்டுக்குள் ஓடும்.

செயலாளர் மனு கொடுக்காதவர் என்று யாரும் பழி சொல்லிவிட முடியாது. குழியைச் சரிசெய்யச் சொல்லி எத்தனையோ மனு கொடுத்திருக்கிறார். அந்த மனு அலுவலகத்துக்குப் போகும். அலுவலகம் கவுன்சிலரைக் கேட்கும். "நானே நேர்ல போய்ப் பார்த்தேனே, அங்க ஒரு குறையும் இல்ல" என்று அவர் மனசாட்சியோடு பதில் சொல்வார். நேரில் பார்த்ததைத்தானே மனிதர் சொல்ல முடியும்?

தையல்காரம்மாவுக்கு இந்தச் செயலாளர் கூடப்பிறந்த அண்ணன். அவள் புருஷன் போனபிறகு தையல் மெஷின் வாங்கிக் கொடுத்து, கடையும் பிடித்துக் கொடுத்து, அவளைத் தன் காலில் நிற்க வைத்தவர் அவர்தான். அதனால் அண்ணன்மேல் எவ்வளவு கோபம் வந்தாலும் அது தொண்டை வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பிப் போய்விடும். போனமுறை மட்டும் திரும்பிப் போக மறுத்தது.

போனமுறை கவுன்சிலர் கிளம்பியதும் எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் தண்ணீர் திறந்தார்கள். குழியின் வாயில் மூட்டைகள் இறுக்கமாக இருந்தன. வெளியே வர வழியில்லாத சாக்கடை, தாழ்வாக இருந்த அவள் கடையின் குளியலறை ஓட்டை வழியாகக் கொப்பளித்துக்கொண்டு மேலே வந்தது. தைத்து மடித்து வைத்திருந்த பள்ளி யூனிஃபார்ம் அத்தனையும் நனைந்து போயின. அது முதல்முறையும் இல்லை. தலைமை ஆசிரியை மூக்கைப் பொத்திக்கொண்டு சொல்லிவிட்டுப் போனார்: "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா தப்பா எடுத்துக்காதீங்கம்மா, வேலையை வேற ஆளுக்குக் குடுத்துடுவோம்." அந்தப் பள்ளியின் வேலை போனால் கடை இல்லை. கடை இல்லையென்றால் மறுபடியும் அண்ணன் வீட்டு அடுப்படிதான்.

இப்படி இருக்கையில்தான் அந்தத் தெருவுக்கு விருது அறிவித்தார்கள். வார்டிலேயே தூய்மையான தெரு! கேடயத்தைக் கவுன்சிலர் நேரில் வந்து கொடுப்பார். விழா வெள்ளிக்கிழமை காலை. பள்ளிக்கு யூனிஃபார்ம் போகவேண்டியது மறுநாள்.

செயலாளருக்குக் கால் தரையில் பாவவில்லை. மேடையைச் சுற்றித் தொங்கவிட நீலத் துணியோடு தங்கையின் கடைக்கு வந்தார்.

"இதுல சுருக்கம் வச்சு அழகா ஒரு ஜாலர் தச்சுக் குடும்மா. தரையைத் தொடணும். கீழ இருக்கிறது எதுவும் தெரியக் கூடாது."

"கீழ என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியும்ல அண்ணே? மூட்டையை வச்சு அடைச்சா அது என் கடைக்குள்ளதான் வரும். எல்லாம் தச்சு முடிச்சு வச்சிருக்கேன். இந்தத் தடவை மட்டும் மேடையை வேற எங்கயாவது போடுங்களேன்."

"வேற எங்க போட்டாலும் குழி தெரியுமே."

"தெரியட்டும். தெரிஞ்சாத்தானே சரி பண்ணுவாங்க?"

அண்ணன் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "தூய்மையான தெருன்னு விருது குடுக்க வர்றவர்கிட்ட சாக்கடையைக் காட்டச் சொல்றியா? விருதைத் திருப்பி எடுத்துட்டுப் போயிட்டா? முதல்ல வாங்கிடுவோம். அப்புறம் விருது வாங்கின தெருங்கிற உரிமையில கேட்போம்."

"என் துணி நனைஞ்சா?"

"மேல தூக்கி வையேன். ஒரு காலைப் பொழுதுதானேம்மா, அனுசரிச்சுக்கோ."

அனுசரித்து அனுசரித்துத்தான் அந்தத் தெரு விருது வரைக்கும் வந்திருந்தது. அவள் துணியை வாங்கி வைத்துக்கொண்டாள். அண்ணன் போனபிறகு அழுகைகூட வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இவ்வளவு பாசமான மனிதருக்குத் தங்கையின் பிழைப்பைவிட ஒரு கேடயம் பெரிதாகப் போயிற்றே என்று வயிறு எரிந்தது.

அந்த எரிச்சலோடு அண்ணியைப் பார்க்கப் போனாள். அண்ணி சர்க்கரை வியாதிக்காரி. கவுன்சிலர் வரும் நாட்களில் அவள் படும் பாட்டை வெளியில் சொல்ல முடியாது.

"அண்ணி, வெள்ளிக்கிழமை நீங்க வழக்கம்போல குளிப்பீங்களா?"

"உங்க அண்ணன் விடுவாராக்கும்! முந்தின நாளே தண்ணிக் குழாயைக் கயிறு போட்டுக் கட்டிடுவாரு."

"கயித்தை வெட்டக் கத்தரிக்கோல் நான் தர்றேன். என்கிட்ட நிறைய இருக்கு."

அண்ணி சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

ஜாலருக்கு அளவு எடுக்கும் சாக்கில் இருவரும் வீடு வீடாகப் போனார்கள். மேடைக்குப் போடும் ஜாலருக்கு வீட்டுக்குள் வந்து எதை அளக்கிறார்கள் என்று எந்த ஆம்பிளையும் கேட்கவில்லை. அடுப்படியில் நின்றுகொண்டு அவள் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: வெள்ளிக்கிழமை உங்கள் வீட்டில் நீங்கள் வழக்கம்போல இருங்கள். கொடி வேண்டாம், கோஷம் வேண்டாம், சாலை மறியல் வேண்டாம். குளிக்க வேண்டும், துவைக்க வேண்டும், போக வேண்டிய இடத்துக்குப் போக வேண்டும். இவ்வளவு சௌகரியமான போராட்டத்துக்கு ஆள் சேர்க்கக் கஷ்டப்பட வேண்டியிருக்கவில்லை. மாடிவீட்டுக்காரி, விருந்தாளிகள் வந்து போன போர்வைகளையெல்லாம் அன்றைக்கே துவைத்துவிடுவதாக வாக்குக் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் தையல்காரம்மா ஜாலரைக் குத்த மேடைக்குக் கீழே நுழைந்தாள். குத்தும் வேலை சீக்கிரமே முடிந்தது. பலகையை நகர்த்தி, குழியின் வாயிலிருந்து மூட்டைகளை ஒவ்வொன்றாக உருவுவதற்குத்தான் உயிர் போயிற்று. அண்ணி வெளியே துணியைப் பிடித்துக்கொண்டு காவல் நின்றாள். மூட்டைகளைக் கடையின் பின்வாசல் வழியாக இழுத்துப்போய்க் குளியலறை ஓட்டைமேல் அடுக்கினார்கள். யூனிஃபார்ம் மூட்டைகளுக்கு முன்னால் நின்று அவள் மனசாரக் கும்பிட்டாள். யாரை என்று அவளுக்கே தெரியவில்லை.

கவுன்சிலர் வந்தார். வெள்ளை உடையில் கறை என்பதே இல்லை. மேடையேறி மைக்கைப் பிடித்து, "தூய்மை வெளியில இருந்து வர்றதில்ல, மனசுல இருந்து வர்றது" என்று தொடங்கினார். கை தட்டினார்கள். செயலாளர் கேடயத்தை மார்போடு அணைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். ஆண்கள் நாற்காலிகளில் இருந்தார்கள். பெண்கள் ஒருவரையும் காணோம்.

வீடுகளுக்குள் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. முதலில் ஒரு வீட்டில். பிறகு எல்லா வீட்டிலும். செயலாளர் வீடுகளைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார், கையைக் காட்டினார். பார்க்க வேண்டியவர்கள் குளித்துக்கொண்டிருந்தார்கள்.

கவுன்சிலர் பொறுப்புணர்ச்சி பற்றிப் பேச ஆரம்பித்தபோது ஜாலரின் விளிம்பு கறுத்தது. அடுத்து நாற்றம் வந்தது. பிறகு நிதானமாக, யாருக்கும் பயப்படாமல், சாக்கடை மேடையின் நாலு பக்கமும் பரவித் தெருவுக்கு இறங்கியது. நாற்காலியில் இருந்தவர்கள் நாற்காலியையும் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மேடை மட்டும் தீவாக நின்றது. அதில் கவுன்சிலரும் செயலாளரும் கேடயமும் மிஞ்சினார்கள்.

"என்னய்யா இது?" என்றார் கவுன்சிலர். மைக் உயிரோடு இருந்ததால் தெரு முழுக்கக் கேட்டது. "எத்தனை நாளா இருக்கு?"

செயலாளர் பழக்கதோஷத்தில், "இன்னைக்குத்தான் சார், திடீர்னு..." என்று இழுத்தார். எதிரே கடையின் உயரமான வாசற்படியில் தங்கை நின்றுகொண்டிருந்தாள். கெஞ்சவில்லை. அண்ணன் என்ன சொல்லப் போகிறார் என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். கடையைவிட அந்தப் பதில்தான் இப்போது அவளுக்குப் பெரிதாக இருந்தது.

செயலாளர் கேடயத்தை மார்பிலிருந்து இறக்கினார். "இல்ல சார். ரொம்ப நாளா இருக்கு. நீங்க வர்றப்பல்லாம் இதுமேலதான் நின்னு பேசினீங்க."

"ஏன் சொல்லலை?"

"நீங்க சங்கடப்படக் கூடாதேன்னு நாங்கதான் மூடி மூடி வச்சோம். நீங்களும் தூக்கிப் பார்க்கலை."

அதற்குள் பெண்கள் ஈரத்தலையோடு வாசல்களுக்கு வந்துவிட்டார்கள். கவுன்சிலர், கார் அருகே நின்ற தன் உதவியாளரைப் பார்த்தார். முதுகில் தூக்கிக்கொண்டு போவான் என்ற நம்பிக்கை போலிருக்கிறது. உதவியாளர் தண்ணீரைப் பார்த்தான், தன் பேண்ட்டைப் பார்த்தான், இடுப்பில் பிடிப்பு என்றான். நடந்து போகப் பலகை போடலாம் என்று யாரோ சொன்னார்கள். தெருவில் இருந்த பலகைகள் எல்லாம் மேடைக்கு அடியில் இருந்தன.

கவுன்சிலர் அலுவலகத்துக்குப் போன் போட்டார். அவசரத்தில் ஸ்பீக்கரை அழுத்திவிட்டார். மறுமுனைக்காரர் தெருவின் பெயரைக் கேட்டதும் சிரித்தேவிட்டார். "அந்தத் தெருவா சார்? அங்க ஒரு குறையும் இல்லன்னு நீங்கதானே சொன்னீங்க? மனுவெல்லாம் மூடி வச்சாச்சே. எதுக்கும் அடுத்த வாரம் பார்க்கச் சொல்றேன்."

கவுன்சிலர் போனை அணைத்தார். வெயில் ஏறியது. சற்று நேரத்தில் அவர் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நிற்க ஆரம்பித்தார். பிறகு செயலாளரின் காதருகே குனிந்து ஏதோ கேட்டார். செயலாளர் கேலி செய்யத் தெரியாத மனிதர். நிஜமான அக்கறையோடுதான் பதில் சொன்னார், அதுவும் மைக்கில் விழுந்தது.

"கொஞ்சம் அடக்கிக்குங்க சார். நாங்கல்லாம் பழகிட்டோம்."

தெரு அன்றைக்குச் சிரித்த மாதிரி எப்போதும் சிரித்ததில்லை. அண்ணி தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தையல்காரம்மா மட்டும் உள்ளே ஓடிப்போய்ப் பார்த்தாள். குளியலறையில் மூட்டைகள் அசையவில்லை. யூனிஃபார்ம் நனையாமல் மொடமொடவென்று இருந்தது. ஒன்றை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள், புதுத்துணி வாசம்தான் வந்தது. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

வெளியே கவுன்சிலர் மறுபடியும் போன் போட்டிருந்தார். இந்தமுறை 'பார்த்துப் பண்ணுங்க' இல்லை, 'ஆவன செய்யுங்க' இல்லை. குரலே வேறாக இருந்தது.

"யோவ், அடைப்பு எடுக்கிற லாரியை உடனே அனுப்பு. அடுத்த வாரமா? அதெல்லாம் முடியாதுய்யா! சரி பண்ற வரைக்கும் நான் எங்கயும் போக முடியாது. நான் இங்கதான் இருக்கேன்."

தையல்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். 'நான் உங்களோடு இருக்கிறேன்' என்று எத்தனையோ தலைவர்கள் சொல்லி அவள் கேட்டிருக்கிறாள். அவர்களில் ஒருவர் நிஜமாகவே இருந்து பார்த்தது அன்றைக்குத்தான்.