லா பாஸ் சந்தையில் ஒரு மீட்டர் இடைவெளி

பெருந்தொற்று வந்த ஆண்டு செப்டம்பர் மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை காலை, லா பாஸ் சந்தையில் பன்றி எலும்புச் சூப்பில் நூடுல்ஸ் போட்டுத் தரும் பெனிங்கின் பத்சோய் கடை முன் வரிசையில் நின்ற பதினோரு பேரும் மூன்றடித் தாள வால்ட்ஸ் நடனம் ஆடிக்கொண்டே சூப் வாங்கினார்கள். ஒருவர்மேல் ஒருவர் படவில்லை. மீன்காரன் குலாஸுக்கு ஆறு வருடமாக இடுப்புப் பிடிப்பு. அவன்தான் எல்லோரையும்விட அழகாகச் சுழன்றான். அன்று பன்றி ஈரலின் விலை சற்று ஏறியிருந்தது என்பதையும் சந்தைக்காரர்கள் இதே மூச்சில் சொல்வார்கள்.

ஐந்தரை மாதம் பூட்டிக் கிடந்த கடைகளைத் திறக்கலாம் என்று நகராட்சி சொன்னபோது, அறிவிப்புப் பலகை கட்டாயம் என்றும் சொல்லியிருந்தது: முகக்கவசம் போடு, கை கழுவு, ஒரு மீட்டர் தள்ளி நில். மற்றவர்கள் அச்சடித்த பலகைகளை வாங்கி மாட்டினார்கள். ஒரு துணிக்கடை வாசலில் நாற்பது விதிகள் தொங்கின. அவற்றைப் படித்து முடிப்பதற்குள் கடை சாத்தும் நேரம் வந்துவிடும். பெனிங்கும் தன் கையாலேயே மூன்று பலகை எழுதி, அடியில் ‘இங்கே பயமில்லை, வாங்க’ என்று சேர்த்து மாட்டினாள். ஜனங்கள் எதிர்ச்சாரியில் நின்று அதைப் படித்தார்கள், எலும்புச் சூப்பின் வாசனையை முகக்கவசத்துக்குள்ளேயே இழுத்தார்கள், வீட்டுக்குப் போனார்கள். இரண்டு வாரம் அவள் அண்டா நிறையக் காய்ச்சித் தெருநாய்களுக்கு ஊற்றினாள். நாய்கள் கொழுத்தன, அவள் இளைத்தாள்.

கடையில் கிண்ணம் தூக்குகிறவன் வெனான்சியோ. ஐம்பத்தெட்டு வயது, கோடு போட்ட மாதிரி மீசை, வெள்ளைச் சப்பாத்து. வாரநாட்களில்தான் கிண்ணம், ஊரடங்குக்கு முன் சனிக்கிழமை மாலைகளில் பிளாசா என்ற ஊர்ச் சதுக்கத்தில் அவன் நடன மாஸ்டர். ஊரில் பாதிப் பெண்மணிகள் அவனிடம் ஆடப் பழகியவர்கள். அவனுக்கு நடக்கத் தெரியாது. அடுப்பிலிருந்து மேசை வரை ஆடியேதான் போவான். போகிற வழியெல்லாம் சூப் சிந்தும்.

“மாஸ்டரே, பாதி சூப்ப தரைதான் குடிக்குது! காசு அதுகிட்ட வாங்கவா?” என்று பெனிங் நாளுக்கு மூன்று தடவை கத்துவாள்.

“தரைக்கும் பசிக்கும்ல, பெனிங். அது கெடக்கட்டும், இந்த சனிக்கிழமையாவது ஆட வர்றியா?”

“நான் வந்தா அண்டாவ யாரு கிண்டுவா, உங்க மீசையா?”

பதினோரு வருடமாக இதே கேள்வி, இதே பதில். இருவருக்கும் அலுக்கவில்லை.

இரண்டாவது வாரக் கடைசியில், ஜீப்னி வண்டிகளுக்குச் சாயம் பூசும் பட்டறையில் மிஞ்சிய மஞ்சள் பெயின்டோடு வெனான்சியோ வந்தான். எழுத்தைப் படித்து யாருக்குப் பயம் தெளியும், நிற்கிற இடத்தைக் காட்டுவோம் என்றான். அச்சு எதுவும் இல்லாததால் தன் பாதத்தையே தரையில் வைத்துச் சுற்றிக் கோடிழுத்து நிரப்பினான். வாசலிலிருந்து அடுப்புவரை பன்னிரண்டு ஜோடி, ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு மீட்டர். சமையல்காரியும் வாடிக்கைக்காரர்களிடமிருந்து தள்ளி நிற்க வேண்டுமே என்று அண்டாவின் பின்னால் ஒரு ஜோடி. அடுத்தடுத்து இரண்டு பாதத்தை நேராக வைக்க அவனுக்கு வராது. அதனால் ஒன்று முன்னே, ஒன்று சாய்ந்து பக்கவாட்டில் என்று வால்ட்ஸ் பாடத்தில் வருகிற மாதிரியே விழுந்தன. பெயின்ட் காய்ந்தது. முதலில் மிதித்தவன் குலாஸ்.

அதற்குப் பிறகு எந்தப் பலகையும் தேவைப்படவில்லை. அந்தத் தடங்களில் கால் வைத்தவர் ஒன்று, இரண்டு, மூன்று என்று அடுத்த தடத்துக்கு நகர்ந்தார். முன்னால் இருப்பவரை நெருக்க நினைத்தாலும் கால் கேட்காது. முண்டியடிப்பதில் பேர்போன காய்கறிக்காரி ஒருத்திகூடப் பாவாடை நுனியைப் பிடித்துக்கொண்டு தன் முறைக்குக் காத்திருந்தாள். பெருந்தொற்று நெருங்க முடியாத கடை இது என்று ஊர் தீர்மானித்தது. இரண்டாவது கரண்டி சூப் இலவசம் என்பது அங்கே வழக்கம். அதற்காக மறுபடி வரிசையில் நின்று, மறுபடி ஆடி, சிலர் நான்காவது கரண்டிவரை போனார்கள். அண்டா ஒன்று இரண்டாயிற்று.

ஒரு மாதம் கழித்துத்தான் பெனிங் கவனித்தாள்: தரை காய்ந்திருந்தது. வெனான்சியோ கிண்ணத்தை ஏந்தி எல்லோரையும்போல நடந்து வந்தான், ஒரு சொட்டு சிந்தவில்லை. ஆட்டத்தின் அடிகள் எல்லாம் அவன் காலைவிட்டுத் தரைக்குப் போய்விட்டிருந்தன. கடை சாத்தியபின் அவன் தன் தடங்களின்மேல் நின்று பார்ப்பதை அவள் கண்டாள். ஒன்றும் நடக்கவில்லை, அவை அவனைக் கண்டுகொள்ளவே இல்லை.

“வயசாச்சுல்ல” என்று சிரித்தான். பதினோரு வருடமாகத் திட்டிய ஈரத் தரைக்காக அவள் இப்போது ஏங்கினாள்.

தடத்தை அழித்தால் அடி திரும்பும் என்று நினைத்து, வாசலோரத்து ஜோடியைத் தேய்த்துக் கழுவினாள். மஞ்சள் தண்ணீர் சாக்கடையில் ஓடியது. அன்று மத்தியானம் அங்கே தண்ணீர் குடித்த மூன்று நாய்கள் சந்தையைச் சுற்றி வால்ட்ஸ் ஆடின. மாஸ்டர் மூட்டை மாதிரி உட்கார்ந்து அதைப் பார்த்தான். கழுவினால் போனது போனதுதான். மிச்சத்தை யாரும் தொடக் கூடாது என்று பெனிங் துடைப்பத்தைப் பூட்டி வைத்தாள்.

இரண்டு வருடம் இப்படிப் போயிற்று. ஆட்கள் தொட்டுக்கொள்ளலாம், பிளாசாவில் சனிக்கிழமை ஆட்டம் தொடங்கலாம் என்று உத்தரவு வந்தது. பழைய மாணவிகள் புதுச் சப்பாத்து வாங்கிக்கொண்டு மாஸ்டரைத் தேடி வந்தார்கள். அவன் முழங்கால் வலி என்று பொய் சொன்னான். அதே வாரத்து வெள்ளிக்கிழமை, தரைக் குறிகளையெல்லாம் அகற்ற வேண்டும் என்ற தாளோடு நகராட்சி ஆய்வாளர் வந்தார்.

“ஐயா, இது குறியில்ல, இந்த மனுஷனோட காலு” என்றாள் பெனிங்.

“அதுக்குத் தாள்ல இடமில்லயேம்மா” என்றார் அவர், நான்காவது தடத்தில் சுழன்றபடி.

மற்றதைத் தொட மனம் வராமல், அண்டாவின் பின்னாலிருந்த தன் ஜோடியிலிருந்து தொடங்கலாம் என்று பிரஷ்ஷோடு குனிந்தாள். அங்கே மஞ்சளே இல்லை. இரண்டு வருடம் அவள் நின்றே அது தேய்ந்திருந்தது. கழுவவில்லை, சாக்கடைக்கும் போகவில்லை. பிறகு எங்கே போயிருக்கும்? அகப்பையைத் தான் ஒன்று, இரண்டு, மூன்று என்றே கிண்டி வந்திருப்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது; தேய்ந்த அடிகள் அவளுக்குள்தான் ஏறியிருந்தன. சூப்பின் ருசி கூடிவிட்டது என்று ஊர் சொன்னதும் அதனால்தான்.

கையை இடுப்பில் கட்டிய துணியில் துடைத்துக்கொண்டு அடுப்பைவிட்டு வெளியே வந்தாள்.

“மாஸ்டரே, கையக் குடுங்க.”

“அண்டாவ யாரு கிண்டுவா?”

“உங்க மீசை கிண்டட்டும். குடுங்கன்றேன்ல!”

இரண்டரை வருடத்துக்குப் பிறகு அந்தக் கடையில் ஒரு கை இன்னொரு கையைப் பிடித்தது. முதல் அடியை அவள்தான் வைத்தாள். அவன் இரண்டாவதில் தடுமாறினான், மூன்றாவதில் குதிகால் தானாக எழும்பியது. அவள் அழுதாள், சந்தோஷத்தில்தான். ‘குறிகள் உபயோகத்தில் தேய்ந்து வருகின்றன’ என்று ஆய்வாளர் தாளில் எழுதிக் கையெழுத்திட்டார், எழுத்து கொஞ்சம் ஆடியிருந்தது.

மீதித் தடங்களை வாடிக்கைக்காரர்கள் இன்னும் தேய்த்துக்கொண்டிருக்கிறார்கள். காலை மணி பத்தைத் தாண்டினால் வரிசை நீளம். சனிக்கிழமை மாலை கடைக்கு விடுமுறை. இருவரும் ஆடிய அந்த வெள்ளிக்கிழமையோ, மாஸ்டர் ஒன்பதாவது மேசைக்குக் கொண்டுபோன சூப்பில் பாதிதான் போய்ச் சேர்ந்தது. பெனிங் பூட்டைத் திறந்து துடைப்பத்தை எடுத்து வந்து, ஒரு வார்த்தை திட்டாமல் தரையைத் துடைத்தாள்.